ஆர் செத்தது எண்டு ஊரே கேட்ட நாள்

சேசு மரி சூசை துணை

திருகோணமலை
09.03.2025, ஞாயிற்றுக்கிழமை

என்ர அன்பு மகன் அஞ்சலோவுக்கு அம்மா எழுதுறது,

தேவமாதாவின்ர தயவில நானும் அப்பாவும் தங்கச்சியும் இங்க குறையில்லாமல் இருக்கிறம், நீயும் மருமகளும் எங்கட சின்னவன் ஜனுஷனும் அந்தக் குளிருக்குள்ள சுகமா இருக்கவேணும் எண்டு காலமைப் பூசையில நேந்துகொண்டனான். நீ சுகமாத்தான் இருப்பாய், தாய் கதைச்சுக்கொண்டிருக்கேக்கயே போனை வைக்கிற அளவுக்கு உடம்பில தென்பு இருக்கெண்டால் ஒரு வருத்தமும் இல்லை எண்டுதானே அர்த்தம். மூண்டு கிழமையா எடுக்கிறன், மணி அடிக்குது, ஆள் இல்லை. வட்சப்பில ரெண்டு நீலக் கோடு விழுகுது, மறுமொழி இல்லை. சரி, போனை வைக்கலாம், கடிதத்தை என்னண்டு வைப்பாய் பாப்பம் எண்டுதான் பேனையை எடுத்தனான். மீன்வாடிக்கு ஐஸ் குடுக்கிற ஜவாஹிர் நானாவின்ர மகள் அசனா தாயைப் பாக்க வந்தவள் புதன்கிழமை லண்டனுக்குத் திரும்பிறாள், அவளின்ர கையில இதையும் கறித்தூள் ரெண்டு பையும் குடுத்துவிடுறன். கறித்தூளை மட்டும் எடுத்துக்கொண்டு கடிதத்தை மேசையில போட்டிடாதை.

இங்க வெயில் துவங்கிட்டுது. அப்பாவுக்கு முழங்கால் நோ குறையேல்ல, படி ஏறாதையுங்கோ எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார், இவர் படி ஏறுறதில்லை, போட்டில ஏறுறார், கேட்டால் போட்டில படி இல்லைத்தானே எண்டு பகிடி விடுறார். எஞ்சின் திருத்த வாறவையும் மனிசனை விடுகினமில்லை, நிக்கலஸ் அண்ணை கை வைச்சால்தான் ஸ்டார்ட் வரும் எண்டு தம்பலகாமத்தில இருந்து வயலுக்குத் தண்ணி இறைக்கிற மிசினையும் தூக்கிக்கொண்டு வருகினம். எங்களுக்குத் தவக்காலம், நானா வீட்டில நோன்பு, பின்னேரத்தில அங்க இருந்து கஞ்சி வருது. நான் வெள்ளிக்கிழமை ஒருசந்தி, இறைச்சி இல்லை, ஒரு நேரச் சாப்பாடுதான் எண்டு பகல் முழுக்க வீம்பா இருந்துபோட்டு அந்தக் கஞ்சியில ரெண்டு கோப்பை குடிச்சிட்டன், பிறகுதான் அதுக்குள்ள இறைச்சி கிடக்கெண்டு அப்பா கண்டுபிடிச்சு ஒழுங்கை முழுக்கச் சொல்லிச் சிரிச்சார். பூசை வைக்கிற சுவாமியிட்டச் சொன்னன், அவரும் சிரிச்சார்.

நான் எழுத வந்தது உன்ர தங்கச்சியின்ர கதை. தினுஷா முன்பள்ளிக்குப் போறாள் வாறாள், அங்க பிள்ளையளோட ஆடிப் பாடுறாள், வீட்டுக்கு வந்தால் வாய் திறக்கிறாளில்லை. இந்த முறை சபைத் தேர்தலுக்கு எங்கட கரையில இருக்கிற பொம்பிளையள் சேந்து சுயேச்சைக் குழு ஒண்டு போட்டிருக்கினம், எங்கட ஆக்கள், முஸ்லிம் ஆக்கள், அதோட கொட்பே பக்கத்தில இருக்கிற நதீஷா எண்டு ஒரு சிங்களப் பொம்பிளை. எங்கட வட்டாரத்துக்குத் தினுஷாவின்ர பேர். படிவம் அலுமாரிக்குள்ள மாதா சுருபத்துக்குக் கீழ கிடக்குது, எல்லாரும் கையெழுத்து வைச்சாச்சு, இவளின்ர வரி மட்டும் வெறுமையாக் கிடக்குது. இருபதாம் திகதி மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள்ள குடுக்கவேணும். நீ அவளைப் போனில கூப்பிட்டு, சிங்களத்தியோட ஒரே பேப்பரில பேர் போடுற துரோகி, இனி எனக்குத் தங்கச்சி இல்லை எண்டு சொல்லியிருக்கிறாய். அண்ணா அப்பிடிச் சொன்னாப் பிறகு கை ஓடுதில்லை அம்மா எண்டு அவள் சொல்லேக்க எனக்கு விசர் வந்தது. நீ பக்கத்தில நிண்டிருந்தால், உனக்கு முப்பத்தாறு வயசெண்டும் பாக்காமல் அகப்பையால போட்டிருப்பன்.

நீ சொல்லுறதில முக்கால்வாசி சரி மகன். அதை நான் மறுத்தால் என்ர நாக்கு அழுகும். உனக்குப் பத்தொன்பது வயசில, கண்டி வீதியில ஒரு ஆமிச் சென்றியில உன்ர அடையாள அட்டையை வாங்கி வைச்சுக்கொண்டு பகல் முழுக்க வெயில்ல நிப்பாட்டினதை நான் மறக்கேல்ல. நீ வீட்டுக்கு வந்து சேர்ட்டைக் கழட்டி எறிஞ்சாய், அடுத்த வருசம் பிளேன் ஏறினாய். இண்டைக்கும் விடுபடாத காணி கிடக்குது, பிள்ளையளைத் துலைச்ச தாய்மார் இண்டைக்கும் படத்தைத் தூக்கிக்கொண்டு றோட்டில நிக்கினம், நானும் அவையளோட போய் நிண்டு வாறனான். இதுக்கெல்லாம் கோபம் வராட்டி அவன் மனிசனில்லை. உன்ர கோபத்தை நான் குறை சொல்லேல்ல, அது ஆரின்ர தலையில போய் விழுகுது எண்டுதான் கேக்கிறன்.

ஞானம் மாமாவை நீ கண்டதில்லை, சுவரில இருக்கிற அந்த ஒரு படம்தான் உனக்குத் தெரியும். என்ர மூத்தவர், ஞானசேகரம். எண்பத்தொண்டில அண்ணைக்கு இருபத்திரண்டு வயசு. துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில நாலு வருசம் தற்காலிகமாச் சாக்குத் தூக்கினவர், கிரேன் ஓட்டப் பழகிச் சோதினையும் பாஸ் பண்ணினவர். நாட்டை வெளிநாட்டுச் சாமானுக்குத் திறந்துவிட்ட காலம் அது, கடைக் கண்ணாடிக்குப் பின்னால ரேடியோவும் மணிக்கூடும் மினுங்கும், வெங்காயம் செய்தவனும் மிளகாய் செய்தவனும் இறக்குமதிக்கு முன்னால நிக்க ஏலாமல் விழுந்துபோனான், எங்கட வீட்டில கூப்பன் அரிசியும் நிண்டுபோச்சு. அப்பதான் அண்ணைக்கு ஒரு கடிதம் வந்தது, முழுக்கச் சிங்களத்தில. வாசிக்கத் தெரியாமல் அதைச் சட்டைப் பையில வைச்சுக்கொண்டு நாலு நாள் ஆள் தேடித் திரிஞ்சவர். கடைசியில ஒரு பேக்கரிக்காரன் வாசிச்சுச் சொன்னான், நிரந்தர வேலைக்கு நேர்முகம் எண்டு. திகதி முதல் நாள் முடிஞ்சுபோச்சு. கந்தோருக்கு ஓடிப்போய்க் கேட்டதுக்கு, ஏன் வாசிக்கப் பழகேல்ல எண்டு ஒரு கிளாக்கர் சிரிச்சானாம். முதல்ல அண்ணைக்கு அந்தக் கிளாக்கரில மட்டும்தான் கோபம். பிறகு கந்தோரில, பிறகு அந்தப் பாசையில, ஒரு வருசத்தில அந்தப் பாசை கதைக்கிற எல்லாரிலயும். பேக்கரிக்காரனும் சிங்களவன்தான், அதை அண்ணை மறந்துபோனார். பிறகு எண்பத்திமூண்டுக் கலவரம் வந்தது, அதுக்குப் பிறகு அவருக்கு ஆரும் ஒண்டும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லாமல் போச்சு. எண்பத்திநாலில இயக்கத்துக்குப் போனவர். எண்பத்தாறில ஒராள் வாசலில நிண்டு, ஆள் செத்துப்போச்செண்டு நாலு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போனார். உடம்பு வரேல்ல. பயத்தில செத்தவீடு செய்யேல்ல, கொடி கட்டேல்ல, அழுகிறதெண்டாலும் குசினிக்குள்ள, அதுவும் தேங்காய் துருவுற சத்தத்துக்குள்ள.

இருபத்திரண்டாம் ஆண்டு நடந்ததை உனக்குப் போனில பகிடியாச் சொன்னனான், மிச்சத்தைச் சொல்லேல்ல, இப்ப சொல்லுறன். மண்ணெண்ணெய் இல்லாமல் மூண்டு கிழமை போட் எல்லாம் கரையில. லைனில நிண்டு நிண்டு கால் வீங்கி, கடைசியில எல்லாற்ற எண்ணெய்க் கானையும் ஒரே நைலோன் கயிறில கொழுவிக் கட்டிப்போட்டு ஆக்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய் வருவினம், ஆரும் இடையில பூர ஏலாது. அந்தக் கயிறில எங்கட கான், கிண்ணியா ஆக்களின்ர கான், கொட்பேச் சிங்கள ஆக்களின்ர கான், எல்லாம் கலந்து கிடந்தது. ஒரு நாள் எல்லாரும் சேந்து, நாளைக்கு றோட்டில கறுப்புக் கொடி கட்டி இருப்பம் எண்டு முடிவெடுத்தினம். கடையில கறுப்புத் துணி ஒரு முழமும் இல்லை. எங்கட கோயில் மரண உதவிச் சங்கத்து அறையின்ர பூட்டுத் திறப்பு என்னட்டத்தானே, உள்ளுக்க கதிரை, தறப்பாள், பெரிய கேத்தல், செத்தவீட்டுக்குக் கட்டுற வெள்ளைக் கொடி நூறு, எல்லாம் கிடக்குது. கொடி கொடிதானே, நிறத்தில என்ன கிடக்கெண்டு விடியக் காலமை கோயில் முடக்கில இருந்து இறங்குதுறை மட்டும் கட்டிப்போட்டன். வெள்ளைக் கொடி எண்டதும் உனக்கு யுத்தம் முடிஞ்ச நாளின்ர ஞாபகம் வரும், எனக்குத் தெரியும், நான் சொல்லுறது வெறும் செத்தவீட்டுக் கொடி. அப்பா அப்பவே சொன்னவர், எடியே இன்பமலர், ஊர் செத்தவீடு எண்டு நினைக்கப் போகுதெண்டு. நான் கேட்டால்தானே.

ஒன்பது மணிக்குள்ள ஊர் திரண்டு வந்திட்டுது. வெள்ளை உடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பிடி தேயிலையும் ஒரு சுண்டு அரிசியும் பொட்டலம் கட்டிக்கொண்டு, ஆர் செத்தது ஆர் செத்தது எண்டு கேட்டுக்கொண்டு. போராட்டம் எண்டால் பயந்து கதவைச் சாத்துற சனம், செத்தவீடெண்டதும் ஒருத்தரும் வீட்டில நிக்கேல்ல. ஜவாஹிர் நானா ஐஸ் ஏத்திற வானை வெறுமையா உருட்டிக்கொண்டு வந்தார், டீசல் இல்லை. எனக்கு வெக்கத்தில நிலம் பிளந்தால் காணும் எண்டிருந்தது. கேட்டவைக்கெல்லாம் மண்ணெண்ணெய் செத்துப்போச்சு எண்டு சொல்லிச் சமாளிச்சன், ஆரும் திரும்பிப் போகேல்ல. கதிரையைப் போட்டம், விறகில கேத்தலை வைச்சம், நடு றோட்டில முந்நூறு சனம். கூட்டத்தைக் கலைக்க வந்த இன்ஸ்பெக்டர் கொடியைக் கண்டிட்டுத் தொப்பியைக் கழட்டினார், தேத்தண்ணி குடுத்தம், குடிச்சிட்டு அடக்கம் எத்தினை மணிக்கெண்டு கேட்டார். இதுக்குள்ள ஊருக்குள்ள திரியிற மானில ரெண்டு வந்து கொடியைத் தின்னப் பாத்துது. இவ்வளவும்தான் உனக்குச் சொன்னது, நீயும் விழுந்து விழுந்து சிரிச்சாய்.

சொல்லாதது என்னெண்டால், நதீஷா வந்தது. அதுக்கு முதல் அவளை லைனில கண்டதோட சரி. சீனி கண்ணில காணக் கிடையாத நேரம், ஒரு பேப்பரில சீனி சுத்திக்கொண்டு வந்து என்ர கையில வைச்சு, கவுத மளே எண்டு கேட்டாள், ஆர் செத்தது எண்டு. எல்லாருக்கும் சொன்ன பகிடியைச் சொல்லத்தான் வாய் திறந்தனான், மகே அய்யா எண்டு வந்திட்டுது. என்ர அண்ணை எண்டு. எங்க இருந்து வந்ததெண்டு இண்டைக்கும் தெரியேல்ல. அவள் பக்கத்தில இருந்து என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு உடம்பு எத்தினை மணிக்கு வரும் எண்டு கேட்டாள். வராது பிள்ளை, முப்பத்தாறு வருசமாப் போச்சு எண்டன். சந்தைச் சிங்களத்திலயும் அவளின்ர உடைஞ்ச தமிழிலயும் கதைச்சம். அவள் தங்காலைப் பக்கம், மீனுக்கு வந்த புருசனோட இங்க தங்கினவள். அவளுக்கும் ஒரு அண்ணன், படிச்சவன், சோதினை எல்லாம் பாஸ், வேலை இல்லை. அங்க பெடியள் எழும்பின எண்பத்தொன்பதில போஸ்டர் ஒட்டினான் எண்டு வாகனத்தில ஏத்தினவையாம், உடம்பு வரேல்ல, அவையளும் பயத்தில கொடி கட்டேல்ல. தமிழராலதான் உனக்கு வேலை இல்லை எண்டு அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கினம். எங்கட அண்ணை சிங்களவராலதான் தனக்கு வேலை இல்லை எண்டு நம்பிக்கொண்டு போனவர். ஒரே வேலைக்கு ஏங்கின ரெண்டு பெடியள், ஆளை ஆள் காணாமலே ஆளுக்காள் எதிரி.

நான் அவளோட குழைஞ்சுகொண்டு இருக்கேல்ல மகன், என்னைத் தெரியும்தானே. சம்பூர்ப் பக்கமும் வன்னிப் பக்கமும் மண்ணெண்ணெயும் பற்றரியும் போகவிடாமல் மறிச்சு வைச்ச நேரம் உங்கட ஆக்கள் ஆரும் எங்களுக்காக லைனில நிண்டவையோ எண்டு மூஞ்சைக்கு நேர கேட்டனான். தெரியாது அக்கா எண்டாள். பிறகு, தெரியாமல் இருந்ததும் பிழைதான் எண்டாள். அந்த ஒரு சொல்லை இந்த நாட்டில எனக்கு வேற ஆரும் சொன்னதில்லை. சங்கத்துக் கொப்பியில, கொடி வெளியில போனால் செத்தவரின்ர பேர் எழுதவேணும் எண்டு சட்டம். பின்னேரம் கொப்பியை விரிச்சு ஞானசேகரம் எண்டு எழுதினன். அடுத்த வரியில தன்ர அண்ணனின்ர பேரை அவளே எழுதினாள், சிங்களத்தில. எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் என்ன எழுதியிருக்கெண்டு தெரியும். கொடியை மூண்டு நாள் கழட்டேல்ல.

அதுக்குப் பிறகு கொழும்பில சனம் ஏறிப் போனது, பெரிய ஆள், ஜனாதிபதி, நாட்டை விட்டு ஓடினது எல்லாம் நீ ரீவியில பாத்தனி. ஆள் ஓடினதோட எல்லாம் சரியாப் போச்செண்டு நான் சொல்ல வரேல்ல, நான் மொக்கு இல்லை. ஆனால் எங்கட கரையில அண்டைக்கு இருந்த பொம்பிளையள் பிறகும் மாதம் ஒருக்காச் சங்கத்துக் கதிரையில கூடினம். இறங்குதுறைக்கு லைட் வந்தது அதாலதான். போன வருசம் ஒரு கந்தோரில மானியப் படிவம் சிங்களத்தில மட்டும் குடுத்தவை. நதீஷா என்ன செய்தாள் தெரியுமோ, தமிழிலயும் தாற மட்டும் நானும் நிரப்பமாட்டன் எண்டு கதிரையைப் பிடிச்சு இருந்திட்டாள், கந்தோர் பூட்டுற மட்டும். அடுத்த கிழமை தமிழிலயும் அடிச்சுக் குடுத்தவை. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அண்ணையின்ர படத்துக்கு முன்னால வைச்சு வாசிச்சனான். எனக்கு அழுகை வந்தது. இவளோடதான் உன்ர தங்கச்சி ஒரே பேப்பரில பேர் போடப் பாக்கிறாள். காணி, காணாமல் போனவை, எல்லாத்தையும் சபைக்குள்ள நிண்டு கேப்பம் எண்டு அந்தப் பேப்பரில எழுதியிருக்கு, நதீஷாவும் அதுக்குக் கீழதான் கையெழுத்து வைச்சவள்.

உனக்கு ஒண்டு ஞாபகப்படுத்துறன். போன வருசம் ஆவணியில அங்க, வெளிநாட்டில இருந்து வந்தவங்களை விரட்டு எண்டு கடைக் கண்ணாடி உடைச்சு, நீ ஜனுஷனை மூண்டு நாள் வெளியில விடாமல் வைச்சிருந்தாய். அப்ப நான் அந்த ஆக்களைத் திட்ட, நீதான் சொன்னனி, அம்மா அவங்களுக்கு வேலை இல்லை, வாடகை குடுக்க வழியில்லை, ஆரோ ஒருத்தன் வந்து உன்ர கஷ்டத்துக்குக் காரணம் இந்த முகம்தான் எண்டு காட்டி விட்டிருக்கிறான் எண்டு. என்ர மகனுக்கு எவ்வளவு விளக்கம் எண்டு நான் அப்பாவுக்குச் சொல்லிப் பெருமைப்பட்டனான். அந்த விளக்கத்தை லண்டனுக்கு மட்டும் வைச்சிருக்கிறியோ.

இனி நான் ஆருக்கும் சொல்லாத ஒண்டு. இந்த வீட்டில துரோகி எண்ட சொல்லைச் சொன்ன முதல் ஆள் நீ இல்லை. ஞானம் அண்ணை போன அண்டைக்கு உன்ர அம்மப்பாவுக்குச் சொன்னவர். அம்மப்பா துறைமுகத்திலதான் வேலை, சிங்களவனுக்குக் கீழ இனி வேலைக்குப் போகக்கூடாதெண்டு அண்ணை, அஞ்சு வயிறு கிடக்கடா எண்டு அவர். அண்ணை சோத்துக் கோப்பையைத் தள்ளிப்போட்டு, நீங்கள் துரோகி எண்டு சொல்லிப்போட்டு இறங்கினவர். எனக்கு இருபது வயசு, கதவடியில நிண்டனான். கோபத்தில சொன்னதுதான், ஒரு கிழமையில வந்து திருப்பி எடுத்திருப்பார், அண்ணையின்ர குணம் எனக்குத் தெரியும். இயக்கத்துக்குள்ள போனவருக்கு வீட்டுக்கு வர அந்த ஒரு கிழமை கடைசி மட்டும் கிடைக்கேல்ல. அம்மப்பா தொண்ணூற்றாறில சாகிற மட்டும் அந்தச் சொல்லோடதான் இருந்தவர், கடைசி நாளும் என்னைக் கூப்பிட்டு, நான் அப்பிடிப்பட்டவனோ பிள்ளை எண்டு கேட்டவர். இல்லை எண்டன். நான் சொல்லி என்ன, சொல்லவேண்டிய ஆள் நான் இல்லையே. நீ உயிரோட இருக்கிறாய் மகன், உன்ர கையில போன் இருக்கு, அவளும் உயிரோட இருக்கிறாள். அவளைத் தேர்தல் கேக்கச் சொல்லி நீ சொல்லவேண்டாம், கேக்காதை எண்டும் சண்டை பிடி, வேற ஆக்களுக்கு வோட்டுப் போடச் சொல்லியும் ஊருக்கு அறிவி, அது உன்ர உரிமை. அந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பி எடு.

ஆண்டவர் உன்னையும் உன்ர வீட்டையும் காவல் பண்ணுவார், பனிக்குத் தலையை மூடிக்கொண்டு போ, மருமகளின்ர கையில வேலையெல்லாத்தையும் விடாதை, சின்னவனுக்குத் தமிழ் எழுதப் பழக்கு, வெள்ளிக்கிழமையில இறைச்சி தின்னாதை, உன்ர அம்மா செய்த பாவம் காணும். அப்பாவும் அன்பைச் சொல்லச் சொன்னார், உவன் எடுத்தால் நான் கதைக்கமாட்டன் எண்டும் சொன்னார், ஆனால் போன் அடிச்சால் முதல்ல திரும்பிப் பாக்கிறது அவர்தான்.

எப்பவும் உன்னை நினைச்சுக்கொண்டிருக்கிற
அம்மா
நி. இன்பமலர்

பி.கு: கடிதத்தை மடிக்கப் போகேக்க தினுஷா பின்னால நிண்டு முழுக்க வாசிச்சிட்டாள், பழைய கள்ளப் பழக்கம். அம்மப்பாவின்ர கதை அவளுக்கும் புதுசு. மாமா போன அடுத்த நாள் அம்மப்பா வேலைக்குப் போனவரோ எண்டு மட்டும் கேட்டாள். ஓம், போனவர் எண்டன். அலுமாரியைத் திறந்து படிவத்தை எடுத்துக் கையெழுத்து வைச்சிட்டாள். பேந்து தன்ர போனைச் சார்ஜில போட்டு, சத்தத்தைக் கூட்டி, சாப்பாட்டு மேசையில வைச்சிட்டுப் போறாள். ஆனபடியால் இனி நீ எடுக்கிறது தேர்தலுக்கு இல்லை மகன், தங்கச்சிக்கு.